நுரை வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினேன், மோசம் போனேன்

வீட்டில் நானே செய்த ஸ்டவுட்டை (வறுத்த பார்லி சேர்த்துச் செய்யும் கருப்பு பீர்) முதல் கெக்கிலிருந்து, அதாவது பீரை வாயு அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாயிலிருந்து, ஊற்றிய அன்று கிளாஸில் நுரை நன்றாகத்தான் எழும்பியது. இரண்டு விரல் உயரம், லேசான பழுப்பு நிறம், பார்க்கவே ஆசையாக இருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தேடி எடுத்து வருவதற்குள் அதில் பாதியைக் காணோம். நாலு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்று, நடுவில் ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி ஒரு கருப்புத் தண்ணீர். சுவை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டவுட் குடிப்பதில் பாதி சுகம் உதட்டில் படும் அந்த வழவழப்பான நுரையில்தான் இருக்கிறது, அது இல்லாமல் குடித்தால் கடமைக்குக் குடிப்பது போலத்தான்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். நுரை போதவில்லை என்றால் வாயு போதவில்லை என்று நானே ஒரு முடிவு கட்டி, சிலிண்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டரைத் திருகி 12 பிஎஸ்ஐயிலிருந்து (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) 20க்கு ஏற்றிவிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டேன். பிறகு குழாயைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை, அடியில் விரல்கடை அளவுக்குத்தான் பீர். அந்த நுரையாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. துணி துவைக்கும் வாளியில் வருவது மாதிரி பெரிய பெரிய குமிழிகள், சடசடவென்று வெடித்து ஐந்து நிமிடத்தில் காலி. குடித்தால் நாக்கைச் சுருக்கென்று கடிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கொஞ்சம் கார்பானிக் அமிலம் உண்டாகும், வறுத்த பார்லியின் கசப்போடு அந்தப் புளிப்பும் சேர்ந்துகொண்டால் வாய்க்கு அவ்வளவு இதமாக இருக்காது.

இப்படியே மூன்று கெக் போனது. என் பீரில் வாயு குறைவாக இல்லை, அளவுக்கு மேல் இருக்கிறது என்று புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை யாராவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நுரை என்று ஒரே பேரில் நாம் சொன்னாலும், லாகர் என்று சொல்லும் சாதாரண வெளிர் பீரின் மேல் நிற்கிற நுரையும் நல்ல ஸ்டவுட்டின் மேல் நிற்கிற நுரையும் வேறு வேறு சாமான். முதலாவதில் குமிழிக்குள் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீரில் தாராளமாகக் கரையும், அதுதான் தொல்லையே. சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் சின்னதிலிருக்கும் வாயு நடுவிலுள்ள ஈரச்சுவரில் கரைந்து, அந்தப் பக்கம் இருக்கும் பெரியதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சின்னது இன்னும் சின்னதாகி மறைகிறது, பெரியது இன்னும் பெரியதாகி வெடிக்கிறது. இருப்பவனிடமே போய்ச் சேரும் பணம் மாதிரி. கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் கரைவதால் இந்தக் கொள்ளை படுவேகமாக நடக்கும். போதாததற்கு வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு அனேகமாக இல்லவே இல்லை என்பதால், மேலே இருக்கும் குமிழிகளிலிருந்து அது காற்றுக்கும் கசிந்து போய்க்கொண்டே இருக்கும்.

நைட்ரஜன் கதை தலைகீழ். அது தண்ணீரில் கரைவது கார்பன் டை ஆக்சைடைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் குறைவு. சின்னக் குமிழியிலிருந்து பெரிய குமிழிக்குப் போக வேண்டும் என்றால் நடுவிலுள்ள சுவரில் கரைந்தாக வேண்டும், அதுதான் கரைய மறுக்கிறதே. வெளிக்காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதால் அந்தப் பக்கம் கசிந்து ஓடவும் அதற்குப் பெரிய அவசரமில்லை. அதனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பொடிக் குமிழிகள் அந்த அளவிலேயே நெடுநேரம் நிற்கின்றன. நாக்குக்கு அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது, எல்லாம் சேர்ந்து பாலாடை மாதிரித் தெரியும். வழவழப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

இதைக் குழாய் பீரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது டப்ளினின் கின்னஸ் நிறுவனம், 1959இல். அந்த வேலையை முன்னின்று செய்த மைக்கேல் ஆஷ் ஒரு கணித ஆள், கேம்பிரிட்ஜில் படித்தவர். பீர் ஆலையில் கணிதக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புள்ளியியல் படித்தவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் டி-சோதனையை 1908இல் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் கோசெட்டும் அதே ஆலையின் சம்பளக்காரர்தான். அந்த ஆலையில் அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பீர் கேஸ் என்று சொல்லும் கலவையில் பெரும்பாலும் 75 சதவீதம் நைட்ரஜன், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இதை 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத்தான் ஊற்றுவார்கள். 12 பிஎஸ்ஐக்கே பழகிய கைக்கு 35 என்று கேட்டால் பகீர் என்றிருக்கும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் 35இல் வைத்தால் கெக் முழுக்க சோடாதான். ஆனால் இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இந்தக் கணக்கு பிடிபட்ட அன்றைக்குத்தான் எனக்கு எல்லாமே பிடிபட்டது.

ரெகுலேட்டர் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். முள் 33 காட்டினால் வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்துக் கெக்குக்குள் உண்மையில் இருப்பது சுமார் 48 பிஎஸ்ஐ. அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு கால் பாகம், அதாவது 12. மொத்தத்தில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் பீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு தன்னுடைய பங்கைத்தான் பார்க்கும், நைட்ரஜன் பக்கத்தில் நின்று எவ்வளவு தள்ளினாலும் அதற்குக் கவலையில்லை. 12 என்பது 14.7ஐவிடவும் குறைவு! அதாவது 33 பிஎஸ்ஐயில் உட்கார்ந்திருக்கும் அந்த பீர், கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை, வெறும் கார்பன் டை ஆக்சைடை அழுத்தமே கொடுக்காமல் மேலே நிரப்பி மூடி வைத்தால் கரைவதைவிடக் குறைவாகத்தான் வைத்திருக்கிறது. 5 டிகிரி செல்சியஸில் இது சுமார் 1.2 வால்யூம் வரும். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு வால்யூம். சாதாரண லாகரில் 2.5 இருக்கும். என் 20 பிஎஸ்ஐ கெக்கில் 3க்கும் மேலே போயிருக்கும். தேவைப்பட்டதைவிட இரண்டரை மடங்கு வாயுவை ஏற்றிவிட்டு, நுரை ஏன் நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில், நாம் ஒரு வாயுவும் ஏற்றாமலே, ஈஸ்ட் விட்டுச்சென்ற கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.85 வால்யூம் இருக்கும். தேவை 1.2. இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஸ்டவுட்டைத் தனியாகக் கார்பனேட் செய்ய வேண்டிய வேலையே ஏறக்குறைய இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். நொதிப்பு முழுசாக முடிந்த பீரைக் கெக்கில் ஏற்றி, மேலே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, 4-5 டிகிரிக்குக் குளிர வைக்கிறேன். குளிர்ந்ததும் நேரே பீர் கேஸ், 33 பிஎஸ்ஐ. அப்படியே ஒரு வாரம், பத்து நாள். கார்பன் டை ஆக்சைடைத் தொடுவதே இல்லை. அவசரமாக வேண்டுமென்றால் கெக்கைப் படுக்க வைத்து முன்னும் பின்னும் உருட்டலாம், நைட்ரஜன் கரைய மேற்பரப்பு கிடைக்கும். ஆனால் உருட்டும்போது பீர் வாயுக் குழாய் வழியாக ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும் ஆபத்து உண்டு, திரும்பிப் பாயாமல் தடுக்கும் வால்வு நடுவில் இல்லையென்றால் அந்த வேலைக்கே போகாதீர்கள். உருட்டிய பிறகு ஒரு நாள் நிமிர்த்தி வைத்து ஆற விட வேண்டும். ரொம்ப வெறியோடு குலுக்கி உள்ளே நுரை பொங்க விடுவதும் நல்லதில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏற்கனவே என்னை மாதிரி அதிகமாக ஏற்றிவிட்டவர்கள் பீரைக் கொட்டிவிட வேண்டாம். வாயு இணைப்பைக் கழற்றிவிட்டு, கெக்கை வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். மூடியில் இருக்கும் வால்வை அவ்வப்போது இழுத்து அழுத்தத்தை வெளியே விடுங்கள். மெதுவாக, இல்லாவிட்டால் நுரை அதன் வழியாகவே பீய்ச்சும். ஒன்றிரண்டு நாள் இப்படிச் செய்து, இழுத்தால் உஸ் என்ற சத்தம் அடங்கிப்போன பிறகு, திரும்பக் குளிர வைத்து பீர் கேஸில் போடலாம். என் மூன்றாவது கெக்கில் கடைசிப் பாதியை இப்படித்தான் காப்பாற்றினேன்.

சிலிண்டர் விஷயத்தைச் சொல்லாமல் போனால் பாவம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும், அறை வெப்பத்தில் அழுத்தம் 800 பிஎஸ்ஐ சுமார். நைட்ரஜன் கலவையோ வாயுவாகவேதான் இருக்கும், அதை அடைத்துக் கொடுக்கும் அழுத்தம் 2000 பிஎஸ்ஐயையும் தாண்டலாம். அதனால் ரெகுலேட்டரும் வேறு, திருகு இணைப்பும் வேறு. இணைப்பு வேறாக வைத்திருப்பதே தப்பான ரெகுலேட்டரை யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான், நடுவில் ஏதோ ஒரு அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

திரவம் இல்லை என்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் அசையாது, அப்புறம் திடீரென்று விழும். கலவையில் முள் முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டே வரும், அதே அளவு சிலிண்டரில் அடங்கும் வாயுவும் மிகக் குறைவு. அதனால் பொடிக் கசிவு ஒன்று இருந்தாலும் கதை முடிந்தது. என் முதல் பீர் கேஸ் கெக் தயாராகிக்கொண்டிருந்த ஏழாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மூடியின் ரப்பர் வளையம் 12 பிஎஸ்ஐயில் ஒழுங்காகத்தான் இருந்தது, 33இல் அதற்கு முடியவில்லை போலிருக்கிறது, இல்லை நான்தான் சரியாக உட்கார வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் நகர்வதில்லை. சிலிண்டர் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்க வேண்டும், பூட்டிய சின்ன அறையில் இந்த வாயு நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது, நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது.

சரி, பீருக்குள் நைட்ரஜன் கரைந்துவிட்டது. அது தானாக வெளியே வருமா? வராது. சாதாரணக் குழாயில் ஊற்றினால் ஏதோ சப்பென்ற கருப்புத் திரவம் பாயும், மேலே பேருக்கு ஒரு நுரை. கரைந்திருக்கும் நைட்ரஜனை உலுக்கி எழுப்பத்தான் ஸ்டவுட் டேப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நீண்டு ஒல்லியான மூக்கு, அதற்குள்ளே ஒரு சின்ன வட்டத் தட்டு, அதில் ஊசிமுனை அளவில் பெரும்பாலும் ஐந்து ஓட்டைகள். 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கும்போது வேகம் கூடி, அழுத்தம் சட்டென்று விழுந்து, நைட்ரஜன் லட்சக்கணக்கான பொடிக் குமிழிகளாக உடைந்து வெளியே வருகிறது. முக்கால்வாசி அழுத்தம் இந்தத் தட்டிலேயே செலவாகிவிடுவதால்தான் அவ்வளவு அழுத்தத்தில் வைத்தாலும் பீர் பீய்ச்சி அடிக்காமல் சாதுவாக விழுகிறது. கெக்கிலிருந்து வரும் குழாயின் நீளத்தை அளந்து அளந்து வெட்டும் வேலையும் இதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. கேன் ஸ்டவுட்டைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஒரு பிளாஸ்டிக் உருண்டை உருளுமே, அதுவும் இதே தந்திரம்தான். கேனைத் திறந்ததும் உருண்டைக்குள் அடைபட்டிருப்பது சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து பீரைக் கலக்கிவிடும்.

அதிக கார்பன் டை ஆக்சைடு உள்ள பீரை இந்தக் குழாயில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அந்தத் தட்டு எல்லாவற்றையும் உலுக்கும், நைட்ரஜனை மட்டும் என்று பார்த்துப் பார்த்து உலுக்காது. ஸ்டவுட் டேப் வாங்கியும் வெறும் நுரைதான் வருகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். குழாய் சரி, அழுத்தம் சரி, பீருக்குள் இருப்பதுதான் தப்பு.

தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கெக்குக்கும் ஒரு தடவையாவது. பீர் காய்ந்து பிசுபிசுத்து ஐந்தில் இரண்டு ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் நுரை ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வரும், நீங்கள் பாவம் அழுத்தத்தைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். ஒருமுறை கழுவிக் காய வைத்துவிட்டு, தட்டை மேஜையிலேயே மறந்து, மற்றதை மட்டும் பூட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். 33 பிஎஸ்ஐ என்றால் என்ன என்று சுவருக்கும் எனக்கும் அன்று நன்றாகப் புரிந்தது. சட்டையில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வாயு. குமிழிக்குத் தோல் வேண்டுமே, அது பீரிலிருந்துதான் வர வேண்டும். பார்லியிலிருந்து வரும் சில புரதங்களும் பீருக்குக் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்களும் கைகோர்த்து நின்றுதான் குமிழியின் சுவர் உறுதியாகிறது. குடித்து முடித்த கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அது இந்தக் கூட்டணியின் வேலை. என் சேர்மானம் ஒன்றும் ரகசியமில்லை, வீட்டில் ஸ்டவுட் செய்பவர்கள் நிறையப் பேர் வைத்துக்கொள்வதுதான்: வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 70 சதவீதம், அவல் மாதிரி தட்டையாக்கிய பார்லி 20, வறுத்த பார்லி 10. தட்டைப் பார்லியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், அதிலிருந்து வரும் புரதமும் பீட்டா குளூக்கான் என்ற பிசுபிசுப்பான நார்ப்பொருளும்தான் பீருக்குக் கனத்தையும் நுரைக்குப் பிடிப்பையும் தருகின்றன. வறுத்த பார்லியும் நுரைக்கு நல்லதே செய்யும். கசப்பை 40 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அளவு) பக்கத்தில் வைக்கிறேன், ஸ்டவுட் இனிப்பாக இருக்க வேண்டும் என்று ஹாப்ஸைக் குறைப்பவர்கள் நுரையையும் சேர்த்தேதான் குறைக்கிறார்கள்.

புரதம் நல்லது என்று கேள்விப்பட்டதும் நான் இன்னொரு கோமாளித்தனமும் செய்தேன். மேஷை, அதாவது வெந்நீரில் ஊறும் மால்ட் கலவையை, 50 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன், புரதம் நிறைய வெளியே வரட்டும் என்று. அந்த வெப்பத்தில் நடப்பது புரதத்தை வெட்டித் துண்டாக்கும் வேலை. இன்றைக்குக் கிடைக்கும் மால்ட்டில் அந்த வேலையெல்லாம் ஏற்கனவே நடந்து முடிந்துதான் வருகிறது, அதற்கு மேலும் வெட்டினால் நுரைக்குத் தேவையான பெரிய துண்டுகளும் போய்விடும். இப்போதெல்லாம் நேரே 67 டிகிரி, ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

எண்ணெய்தான் நுரைக்குப் பரம எதிரி. சாக்லேட், காபிக்கொட்டை, கொட்டை வகைகள் என்று ஸ்டவுட்டில் எதையாவது போட ஆசைப்படுவோம், எல்லாவற்றிலும் கொழுப்பு இருக்கிறது. ஓட்ஸும் வழவழப்பு தரும்தான், அளவு மீறினால் அதிலுள்ள கொழுப்பு தன் வேலையைக் காட்டும். அப்புறம் ஈஸ்ட். நொதித்து முடிந்த பீரை அடியில் படிந்த ஈஸ்ட் மேலேயே வாரக்கணக்கில் விட்டுவைத்தால், பட்டினி கிடந்து நொந்துபோன ஈஸ்ட் புரதத்தை அரிக்கும் ஒரு நொதியைக் கசிய விடும். நாம் பீரைச் சூடாக்கிப் பாஸ்சரைஸ் செய்வதில்லை என்பதால் அந்த நொதி கெக்குக்குள்ளும் சும்மா இருக்காது. முதல் வாரம் அருமையாக இருந்த நுரை மூன்றாம் மாதம் தளர்ந்துபோனால் சந்தேகப்பட வேண்டிய ஆள் அதுதான்.

குலுக்குவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நுரைக்கு உதவும் புரதம் ஒருமுறை நுரையாக விரிந்து காய்ந்துவிட்டால் மறுபடி பழையபடி வேலை செய்யாது. நொதிக்கும்போதும் கெக்கில் ஏற்றும்போதும் வீணாகப் பொங்கிய ஒவ்வொரு நுரையும் உங்கள் கிளாஸிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டிய நுரைதான். அதனால்தான் நான் உருட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவு படித்து, இவ்வளவு கெக் செய்து, ஒருநாள் எல்லாம் சரியாக அமைந்தும் நுரை இரண்டே நிமிடத்தில் படுத்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே கெக்கிலிருந்து, அதே குழாயில், வேறொரு கிளாஸில் ஊற்றினால் கல்லு மாதிரி நிற்கிறது. சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தை ஒழுங்காக அலசாமல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம். முதல் வருடத்துக் கஷ்டத்தில் எத்தனை பங்கு இந்தக் கிளாஸ்களின் வேலை என்று இனிமேல் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இப்போது பீர் கிளாஸை மற்றப் பாத்திரங்களோடு சேர்ப்பதில்லை, அதற்கென்று தனி ஸ்பாஞ்ச், வெந்நீரில் நாலு அலசல், துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுவது. சந்தேகமாக இருந்தால் கிளாஸை நனைத்து உள்ளே உப்பைத் தூவிப் பாருங்கள், சுத்தமாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டும், எண்ணெயோ சோப்போ இருக்கும் இடத்தில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விட்டுப்போகும். எண்ணெயில் பொரித்ததைத் தின்றுகொண்டே குடித்தாலும் உதட்டிலிருந்து எண்ணெய் இறங்கி நுரை அந்தப் பக்கத்திலிருந்து கரையும், அதற்கு மருந்தில்லை, எனக்கு இரண்டும் வேண்டும்.

ஊற்றும் முறையைப் பற்றி மந்திரம் மாதிரிப் பேசுவார்கள், அவ்வளவு இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கிளாஸை ஒரு அலசு அலசி, 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, குழாய்க் கைப்பிடியை முழுசாக முன்னால் இழுத்து முக்கால் பாகம் நிரப்பி, கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் காத்திருப்பு. கின்னஸ்காரர்கள் மொத்தம் 119.5 விநாடி என்று கணக்குச் சொல்வார்கள், அந்த அரை விநாடி சும்மா விளம்பரத்துக்கு என்பது என் எண்ணம். காத்திருக்கும்போது கிளாஸின் சுவரைப் பாருங்கள், குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவது போலத் தெரியும். கண் ஏமாற்றவில்லை, உண்மையிலேயே இறங்குகின்றன. வாய் அகலமாக, அடி குறுகலாக இருக்கும் கிளாஸில் நடுவில் குமிழிகள் கூட்டமாக மேலேறும்போது பீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன, மேலே போன பீர் ஓரத்தின் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அது வரும்போது பொடிக் குமிழிகளையும் கீழே அடித்துக்கொண்டு வருகிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2012இல் இதைக் கணக்கிட்டு, கிளாஸின் சாய்வுதான் காரணம் என்று காட்டினார்கள். கலங்கல் அடங்கிக் கருப்பும் வெள்ளையும் பிரிந்த பிறகு, கைப்பிடியைப் பின்பக்கம் தள்ளினால் பீர் ஒல்லியாக வரும். அதை வைத்து மீதியை நிரப்பினால் நுரை விளிம்புக்கு மேலே ஒரு சின்ன மேடாக எழுந்து நிற்கும். வழியாது. முதல் தடவை அது நின்றபோது நான் குடிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் டேப்பும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்று தெரியும். பாட்டிலில் அடைப்பவர்கள், கார்பன் டை ஆக்சைடு மட்டும் வைத்திருப்பவர்கள், ஒரு ஊசிக்குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி இல்லாமல், புதுசாக, பத்து மில்லி போதும். வாயு குறைவாக ஏற்றிய ஸ்டவுட்டைக் கிளாஸில் மெதுவாக ஊற்றி, அதிலிருந்தே பத்து மில்லியை உறிஞ்சி எடுத்து, ஊசிக்குழாயின் முனையைப் பீருக்குள் முக்கால்வாசி ஆழத்தில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் ஒரே அழுத்தில் திரும்பப் பீய்ச்சுங்கள். கிளாஸ் முழுக்கப் புகை மாதிரிக் கலங்கி, மேலே பொடி நுரை திரளும். உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடுதான் என்பதால் நைட்ரஜன் நுரை அளவுக்கு நெடுநேரம் நிற்காது, ஆனால் சாதாரணமாக ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல், குடிக்கும் பீரில் கடியும் குறைந்துவிடும். கெக் காலியாகி அடுத்தது தயாராகும்வரை நானும் இதைத்தான் செய்கிறேன். பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஒரு கிளாஸ் போட்டுக் கொடுத்தேன், மறுநாள் அவருக்கும் ஒரு ஊசிக்குழாய் வேண்டும் என்றார்.